அப்பா இறந்த நட்சத்திரம்

என் அப்பா இறந்த நேரம் பிற்பகல் மூன்று முப்பத்தைந்து. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அப்போது பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். அம்மா தேயிலை மலையில் வேலையில் இருந்தாள். தம்பி பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழாவது தாளோ எட்டாவதோ, அப்பாவின் மூச்சில் ஒரு இடைவெளி வந்தது. அந்த மாதிரி இடைவெளிகள் இரண்டு நாளாகவே வந்துகொண்டிருந்தன. இந்த இடைவெளி முடியவில்லை. நான் முதலில் செய்த காரியம் அவர் கையைப் பிடித்தது இல்லை. கைப்பேசியை எடுத்து மணி பார்த்தேன். தொழில் புத்தி, வேறென்ன சொல்ல.

என் தொழில் நேரத்தைப் பற்றியது. கடிகாரம் பழுது பார்க்கப் படிக்கிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருகாலத்தில் பேசிக்கொண்டார்கள். அதுவாக இருந்திருந்தால் பரவாயில்லை, சோறு போட்டிருக்கும். நான் படித்தது இயற்பியலின் தத்துவம். இயற்பியல்காரர் நேரத்தை அளந்து, சமன்பாட்டில் போட்டு, விடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு, அவர் அளந்தது உலகத்தில் நிஜமாகவே இருக்கும் ஒன்றா, இல்லை நாமே நம் வசதிக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். ஆய்வுக்கூடம் கிடையாது, வெள்ளை அங்கி கிடையாது. இயற்பியல் துறையில் வேலை கேட்டால் இது தத்துவம் என்பார்கள். தத்துவத் துறையில் கேட்டால் இது இயற்பியல் என்பார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தத்துவத் துறையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு தனி ஆராய்ச்சி.

முனைவர் பட்டத்துக்காக வெளிநாட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். பிறகு ஓராண்டு ஒப்பந்தம், மறுபடி ஓராண்டு, பிறகு இரண்டாண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு குளிர் ஊரில். ஒவ்வொரு ஒப்பந்தத்தின் பாதியிலேயே அடுத்ததற்கு விண்ணப்பம் எழுத ஆரம்பிக்க வேண்டும். ஒரு வேலைக்கு இருநூறு பேர் விண்ணப்பித்திருந்தார்கள் என்று மறுப்புக் கடிதத்தில் ஆறுதலாகச் சொல்வார்கள். நாற்பது வயதில் நாடு திரும்பி, கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குச் 'சிந்தனைத் திறன்' கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியர் ஆனேன். அவர்களுக்கு அந்தப் பாடம் தேவையில்லை. அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் இலை அரைக்கும் பகுதியில் வேலை செய்தவர். ஒருமுறை நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, நேரே கேட்டுவிட்டார்.

"சரிம்மா, இவ்வளவு வருசம் படிச்ச. நீ என்னதான் கண்டுபிடிச்ச?"

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, மற்றவர்கள் கண்டுபிடித்தது சரியாக இருக்கிறதா, அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்கிறேன் என்றேன். அப்போ கங்காணி வேலைதான் என்றார் அவர். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், என் மகள் அறிவியலுக்குக் கங்காணி என்று சொல்லிவிடுவார். இதுவரை என் துறையைப் பற்றி அதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

என் ஆய்வைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்பது புரியாது. வெகு தொலைவில் இருக்கும் இரண்டு இடங்களில் இரண்டு காரியங்கள் ஒரே கணத்தில் நடந்தன என்று சொல்ல வேண்டுமானால், அங்கிருக்கும் கடிகாரத்தையும் இங்கிருக்கும் கடிகாரத்தையும் எப்படிப் பொருத்துவது என்று முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவு வெறும் ஏற்பாடு என்பது எங்கள் துறையில் ஒரு சாராரின் கட்சி. ஏற்பாடு என்றால் அதில் சரி தவறே இல்லை என்றுகூடச் சிலர் போவார்கள். நான் அதை மறுத்தேன். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவது வெறும் ஏற்பாடுதான், வானத்திலிருந்து யாரும் எழுதிப் போடவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு இருக்கிற ஊரில் வலப்பக்கம் ஓட்டி ஒருவன்மீது மோதியவன், ஏற்பாடுதானே என்று கையை விரிக்க முடியாது. ஏற்பாட்டுக்குள்ளும் உண்மை உண்டு, பிழை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஒரு கருத்தைத் திருப்பித் திருப்பி எழுதித்தான் நான் பிழைத்தேன்.

எங்கள் வீடு கம்பெனி வீடு. பத்து வீடுகளுக்கு ஒரே நீளக் கூரை, நடுவில் பலகைச் சுவர். எங்களுடையது வரிசையில் நாலாவது. ஒரு கூடம், அதிலிருந்து போகிற ஒரு அறை, பின்னால் சமையலறை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலையில் இருந்தால்தான் அந்த வீட்டில் குடியிருக்கலாம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவின் பெயர் செக்ரோலில் இருந்ததால் வீடு நின்றது. செக்ரோல் என்பது தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவு. அறுபதைத் தாண்டிய அம்மா, விடிகிற நேரத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு, இளவட்டங்களுக்குச் சமமாக மலை ஏறிக்கொண்டிருந்தாள். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவள் அங்கே இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றாள். தம்பி திரிங்காப்பில் காய்கறித் தோட்ட முதலாளி கொடுத்த தகரக் கொட்டகையில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் இருந்தான். நான் கோலாலம்பூரில் ஒரு அறையை இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொண்டு இருந்தேன்.

அப்பா போன செய்தி பரவி, ஒரு மணி நேரத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. சாவு வீட்டில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது எப்படி என்பதை இல்லை, எத்தனை மணிக்கு என்பதை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் மூன்று முப்பத்தைந்து என்றேன். கேட்பதற்குக் காரணம் அடைப்பு. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த இடத்தைப் பூட்டிவிட வேண்டும். சிலவற்றுக்கு இரண்டு மாதம், சிலவற்றுக்கு மூன்று. ரேவதி மாதிரியானவற்றுக்கு ஆறு மாதம். அதுவரை அங்கே அடுப்பு எரியக் கூடாது, யாரும் படுக்கக் கூடாது. பெரிய வீடு வைத்திருப்பவர்கள் உயிர் போன அறையை மட்டும் பூட்டிவிட்டு மற்ற இடத்தில் புழங்குவார்கள். அப்பா கூடத்தில் இறந்திருந்தார். கூடத்தைப் பூட்டினால் எங்கள் வீட்டில் அறைக்குப் போக வழியில்லை, மொத்த வீட்டையும்தான் பூட்ட வேண்டும். மீறி இருக்கலாம் என்றால், ஒரே கூரையின் கீழ் இருக்கும் மற்ற ஒன்பது வீட்டாரும் விடமாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தோஷம் பலகை தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டியவர் கோயில் தலைவர். அப்பாவோடு ஒன்றாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் தோட்டத்தில் பஞ்சாங்கம் பார்ப்பது நாற்பது வருடமாக அவர்தான். கோயிலுக்கு வருகிற பஞ்சாங்கம் தமிழ்நாட்டிலிருந்து வருவது. அதில் இருக்கும் மணியெல்லாம் இந்திய மணி. நம் கடிகாரம் அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் அதில் என்ன போட்டிருந்தாலும் இரண்டரையைக் கூட்டித்தான் நம் நேரம் சொல்ல வேண்டும். கல்யாண முகூர்த்தம், காதுகுத்து, தைப்பூசம், எல்லாவற்றுக்கும் அவர் விரல் கணுவில் இரண்டரையைக் கூட்டியே பழகியவர்.

அன்றைக்கு அவர் செய்தி கேட்ட கையோடு மழையில் ஓடிவந்திருந்தார். தோளெல்லாம் நனைந்திருந்தது. அப்பாவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணாடியக் கோயில்லயே விட்டுட்டேன் டாக்டரம்மா. நீ போன்ல பாத்துச் சொல்லு லா, ரேவதி எத்தன மணி வரைக்கும்னு."

நான் கைப்பேசியில் ஒரு பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். ரேவதி பிற்பகல் இரண்டு பத்து வரை, பிறகு அஸ்வினி என்று இருந்தது. அதற்கு மேலே, சின்ன எழுத்தில், கோலாலம்பூர் நேரம் என்றும் இருந்தது. கைப்பேசி தானாகவே நாம் இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். அஸ்வினிக்கு அடைப்பு கிடையாது. அப்பா அஸ்வினி பிறந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போயிருக்கிறார். நான் இரண்டு பத்து என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

தலைவர் கட்டைவிரலை விரல் கணுக்களில் ஓட்டினார். "ரெண்டு பத்து. ரெண்டரை கூட்டுனா நாலு நாப்பது. மூணு முப்பத்தஞ்சுக்குப் போயிருக்காரு. ரேவதிதான்," என்றார்.

அவர் கூட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டி முடிப்பதற்குள் பிழை என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே மாற்றிய நேரத்தை அவர் மறுபடியும் மாற்றுகிறார். நேரத்தை மாற்றுவதில் வரும் இந்த மாதிரிப் பிழைகளைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இது நம் நேரம்தான் தலைவரே என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

ஏன் என்று என்னையே நிறையக் கேட்டிருக்கிறேன். நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை, உண்மையான காரணம்தான் கிடைத்தது. இளக்காரம். என் அப்பா செத்து ஒரு மணி நேரம் ஆகிறது, நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது என்று இவர்கள் தேடுகிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. இல்லாத ஒன்றோடு இரண்டரையைக் கூட்டினால் என்ன, பத்தைக் கூட்டினால் என்ன என்று நினைத்தேன். அந்தக் கணக்கைத் திருத்தினால் அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன் என்று ஆகிவிடுமே என்றும் தோன்றியது. நேரத்தின் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் அடைப்புக்கு மணி பார்த்துச் சொன்னாள் என்று என் துறைக்காரர்கள் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள் என்ற நினைப்பு வேறு. அப்பாவின் உடல் கிடக்கிற கூடத்தில் நின்றுகொண்டு, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற பதினைந்து பேர் சிரிப்பார்களா என்று நான் யோசித்தேன்.

அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. அப்பா போகப்போகிறார் என்பது அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்ன அன்றே அழுது தீர்த்துவிட்டாள். அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ரேவதி, ஆறு மாத அடைப்பு என்று யாரோ சொன்னபோதுதான் நிமிர்ந்தாள். வீடு போச்சே என்றாள். பிறகு அழுதாள். நான் அப்படி ஒரு அழுகையை அவளிடம் கேட்டதில்லை. சரியாகத்தான் பார்த்தீர்களா என்று பக்கத்து வீட்டு அக்கா தலைவரிடம் கேட்டார். டாக்டரம்மாவே போனில் பார்த்துச் சொன்னது என்றார் தலைவர். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. என் படிப்பு எங்கள் லயத்தில் முதல் தடவையாகப் பயன்பட்டது அப்போதுதான்.

அடைப்புச் சாவை வாசல் வழியாக எடுக்கக் கூடாது என்று பின்பக்கச் சுவரில் இரண்டு பலகைகளைக் கழற்றினார்கள். அப்பாவை அந்த இடைவெளி வழியாகச் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். சாய்த்தபோது ஒரு கை சரிந்து தொங்கியது, தம்பி ஓடிப்போய் அதை எடுத்து நெஞ்சில் வைத்தான். பிறகு பலகைகளை மறுபடி ஆணியடித்தார்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து கருமாதி வரை பதினாறு நாளும் எனக்கு ஒரே பயம், தலைவர் கோயிலில் இருக்கும் அச்சுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிடுவாரோ என்று. பார்த்தால் பிழை தெரிந்துவிடும். அவர் பார்த்துவிட வேண்டும் என்றும் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் பார்க்கவில்லை. ஒருமுறை படித்த பிள்ளை பார்த்துச் சொன்னதை எதற்கு மறுபடி பார்ப்பது.

கருமாதி முடிந்து வீட்டைப் பூட்டினார்கள். அம்மா துணி மூட்டையோடு தம்பியின் கொட்டகைக்குப் போனாள். அங்கிருந்து விடிகிற நேரத்தில் பெரட்டுக்கு வர பஸ் கிடையாது. தம்பி சில நாள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். ஆனால் லாரி கிளம்புகிற நேரமும் பெரட்டு நேரமும் ஒன்று. அவனுடைய முதலாளி சத்தம் போட்டதும் அதுவும் நின்றது. அம்மாவின் பெயருக்கு நேரே செக்ரோலில் வெறுமை விழ ஆரம்பித்தது.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி நல்ல மனிதர். அவரும் நம் ஆள்தான். அவரே தம்பியைக் கூப்பிட்டு, வீடு காலியாகக் கிடந்தால் ஆபீசில் கேட்பார்கள், பங்களாதேஷ் ஆட்கள் அடுத்த தொகுதி வருகிறார்கள், அவர்களுக்கு இடம் வேண்டும், மானேஜர் துரைக்கு உங்கள் அக்காவை ஒரு சூராட் எழுதச் சொல் என்றார். கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. மதக் கடமையின் காரணமாக ஆறு மாதம் வீட்டில் குடியிருக்க இயலாத நிலை என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். அதை எழுதும்போதும் சொல்லியிருக்கலாம். அம்மா இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அடைப்பே இல்லை என்று தம்பிக்கு ஒரு அழைப்பு போட்டிருக்கலாம். ஆனால் அப்போது சொன்னால், பதினாறு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இருபதாவது நாளில் அது இன்னும் கஷ்டமாகத் தெரிந்தது, நாற்பதாவது நாளில் முடியாத காரியமாகிவிட்டது. துரை மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குமேல் அவர் கையில் இல்லை என்று மரியாதையாகவே பதில் எழுதியிருந்தார்.

நாலாவது மாதம் எனக்கு வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் பேச அழைப்பு வந்தது. பயணச் செலவும் அவர்களே கொடுத்தார்கள். நாலைந்து வருடமாக யாரும் கூப்பிடாத எனக்கு அது பெரிய விஷயம். என் பழைய கருத்தைத்தான் பேசப் போனேன், ஏற்பாட்டுக்குள்ளும் பிழை உண்டு என்பதை. ஆனால் சாலை எடுத்துக்காட்டு பழையதாகிவிட்டது. எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள். புதிதாக ஒன்று வேண்டும். விமானத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு சமூகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இறந்த நேரத்தின் நட்சத்திரத்தைப் பார்த்து அவர்கள் வீட்டைப் பூட்டுவார்கள். அவர்களுடைய நாள்குறிப்பு இன்னொரு நாட்டு நேரத்தில் அச்சாகிறது. ஒரு பெரியவர் எப்போதும் இரண்டரை மணி நேரம் கூட்டுவார். ஒருநாள், ஏற்கெனவே கூட்டிய எண்ணோடு அவர் மறுபடி கூட்டிவிடுகிறார். நட்சத்திரத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அவர் சொன்ன விடை தவறுதானே? அந்த வீடு பூட்டப்பட்டிருக்கக் கூடாதுதானே?

அரங்கில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தால் எங்கள் ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு. கேள்வி நேரத்தில் ஒருவர், அந்தப் பிழையைக் கவனித்துவிட்டு வாயைத் திறக்காத ஒரு ஆளும் அங்கே இருந்ததாக வைத்துக்கொண்டால் எடுத்துக்காட்டு இன்னும் வலுவாகுமே என்றார். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டேன். அதைத்தான் இப்போது நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் தம்பி அழைத்தான். அம்மாவின் பெயரைச் செக்ரோலில் இருந்து எடுத்துவிட்டார்கள், வீட்டை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் அடைப்பு பாக்கி இருந்ததால், சாமானை எடுக்கக்கூட அம்மா உள்ளே போகவில்லை. வெளியே நின்று இதை எடு, அதை எடு என்று சொல்ல, தம்பிதான் எடுத்துப் போட்டிருக்கிறான். அலமாரி லாரியில் ஏறவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

நான் திரும்பி வந்த பிறகு ஒருமுறை அம்மாவோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது, அவளுடைய சேமநிதிப் படிவத்தில் தோட்டத்து ஆபீசில் கையெழுத்து வாங்க. எங்கள் வீட்டில் ஐந்து பங்களாதேஷ் இளைஞர்கள் இருந்தார்கள். வாசலில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சாலையிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அடைப்பு முடியாத வீட்டில் இருக்கிறார்களே, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்றாள். அவர்களிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூடக் கேட்டாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லி நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பேச்சு அடுத்த வருடம் கட்டுரையாக வெளிவந்தது. நான் எழுதியவற்றில் மற்றவர்கள் படித்த ஒரே கட்டுரை அதுதான். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் பூட்டிய வீடு என்று சொன்னால், எங்கள் துறையில் எல்லோருக்கும் புரிகிறது. அதை வைத்து எனக்கு வேறொரு நாட்டில் இரண்டாண்டு வேலையும் கிடைத்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் திரிங்காப்புக்குப் போனேன். அம்மா கொட்டகையின் முன்பகுதியில் ஒரு கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். பக்கத்திலேயே உரமூட்டைகள். பகலில் பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டுகிற வேலை, உடம்புக்கு முடிந்த அன்றைக்கு மட்டும். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் அவள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. வீடு போனதிலிருந்து ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். தம்பியின் கையில் கட்டு போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். பிரிஞ்சாங் பாசா மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கிராணியைப் பார்த்தானாம். நம்ம ஆளாக இருந்துகொண்டு எங்கள் வீட்டைப் பிடுங்கி அந்நியனுக்குக் கொடுத்தாயே என்று, மனைவி பிள்ளைகளோடு வந்திருந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து அடித்துவிட்டான். அவர் போலீசுக்குப் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளை முன்னால் அடி வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டாராம். தம்பி அதைப் பெருமையாகச் சொன்னான்.

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனதும், அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அடைப்பே இல்லம்மா. நான் படிச்சது நம்ம நேரம். தலைவர் அதோட மறுபடி ரெண்டரை கூட்டிட்டாரு. அப்பா அஸ்வினியிலதான் போனாரு."

அவள் கை நின்றது. எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். அப்போதே தெரியும் என்றேன். அவர் கூட்டும்போதேவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நான் அழுதேனே. நீ பக்கத்துலதானே நின்ன."

எனக்கு அதெல்லாம் பொய் என்று தோன்றியது, பொய்யில் சரி என்ன தவறு என்ன என்று இருந்துவிட்டேன் என்றேன். அந்தக் கொட்டகையில் சொல்லும்போது அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அப்போதும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"உனக்கு எல்லாம் பொய்தானே. அப்ப அஸ்வினின்னு ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமே பாப்பா. உனக்கு என்ன போயிருக்கும்?"

பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னை அப்படி மடக்கியதில்லை. நான் அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. மீதிப் பயற்றங்காயை ஒடித்து முடித்தாள். காம்புகளைக் கூட்டி அள்ளித் தாளில் மடித்தாள். பிறகு, கிராணி வீட்டுக்கு நாளைக்குப் போய்த் தம்பிக்காகத் தானே மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொன்னாள். தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவன் முரடன், என்னைத் தன் மூஞ்சியிலேயே விழிக்கவிட மாட்டான் என்றாள்.

"தலைவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சொல்லிடாத. அந்த மனுசன் தாங்க மாட்டாரு. இன்னிக்கும் என்னப் பாத்தா கண்ணு கலங்குறாரு." என் முகத்தைப் பார்த்தாள். "வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

வெளியே தம்பியின் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"யாருகிட்டயும் சொல்லலம்மா," என்றேன்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் உள்ளே வருவதற்குள் உலையில் அரிசியைப் போட எழுந்தாள்.